குளிர்காய்ச்சலும் கூர்தலறமும்

பாகான் டாலாம் கரையில் நின்று மேற்கே நோக்கினால், ஒடுங்கிய கடலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுன் நகரும் அதன் பின்னே பினாங்கு மலையும் தோன்றும். இக்கடல்வழியே 1854ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இலங்கையின் காலித் துறையிலிருந்து சிங்கப்பூர் நோக்கி ஒரு நீராவிக் கப்பல் சென்றது. அதில் வந்த பயணிகளுள் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்பார் ஒருவர். அவருக்கு அப்போது வயது 31. பட்டம் பெற்றவர் அல்லர், செல்வரும் அல்லர். பதினான்கு வயது நிறையுமுன்பே பள்ளிப் படிப்பை விட்டவர். சிறிது காலம் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர் வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்பி, அவ்வருவாயில் வாழ்ந்து வந்தார்.

அவர் கடந்து சென்ற அக்காலத்திலேயே இக்கரையில், அன்று வெல்லஸ்லி மாகாணம் என்றும் இன்று செபராங் பிறை என்றும் வழங்கும் நிலத்தில், கரும்புத் தோட்டங்கள் தோன்றியிருந்தன. தமிழகக் கரையிலிருந்து கப்பலேறி வந்த மக்கள் அவற்றில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். வாலஸ் பூச்சிகளைத் தேடி வந்தார். அவர்கள் பிழைப்பைத் தேடி வந்தனர். இருசாராரையும் ஒரே நோய் எதிர்கொண்டது. குளிர்காய்ச்சல் என்றும், முறைக்காய்ச்சல் என்றும், காட்டுக்காய்ச்சல் என்றும் மக்கள் அதனை அழைத்தனர். மேனாட்டார் அதற்கு இட்ட மலேரியா என்னும் பெயருக்குக் ‘கெட்ட காற்று’ என்பதே பொருள். காற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பது தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

வாலஸ் மலாக்காவுக்குச் சென்ற சில வாரங்களிலேயே காய்ச்சலில் விழுந்து, கொயினாவால் மீண்டார். பிறகு சரவாக் சென்றார். அங்கே 1855-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் உயிரினமும், தன்னை நெருங்கி ஒத்த முந்தைய இனம் ஒன்று வாழ்ந்த இடத்திலும் காலத்திலும் தொடர்ந்தே தோன்றுகிறது என்பது அதன் கருத்து. இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கின்றன என்பதை அது ஏறக்குறையச் சொல்லிவிட்டது. ஆனால் அவை எவ்வாறு மாறுகின்றன, மாற்றத்தைச் செலுத்தும் விசை எது என்பதற்கு விடையில்லை.

அவ்விடை 1858 பிப்ரவரியில், மொலுக்கஸ் தீவுகளில் கிடைத்தது. தெர்னாத்தே என்னும் சிறு தீவு என்பர். அருகிலுள்ள ஜிலோலோ என்பாரும் உண்டு. வாலஸ் மீண்டும் காய்ச்சலில் கிடந்தார். அது மலேரியா என்பதே பொதுவான கருத்து. வெயில் கொளுத்தும் நாட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி, முன்பு லெஸ்டரில் படித்த மால்தசின் நூலை நினைத்துப் பார்த்தார். மக்கள்தொகை பெருகவிடாமல் நோயும் பஞ்சமும் போரும் தடுக்கின்றன என்று அந்நூல் கூறியிருந்தது. விலங்குகளுக்கும் இஃது ஒக்கும் அல்லவா? ஆண்டுதோறும் இத்தனை உயிர்கள் மாள்கின்றனவே. இவற்றுள் மாள்பவை எவை, பிழைப்பவை எவை? அந்தந்தச் சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன. பிழைத்தவற்றின் இயல்பே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. காய்ச்சல் தணிவதற்குள் கொள்கை உருவாகிவிட்டது. அடுத்த இரு மாலைகளில் அதை எழுதி, இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார்.

டார்வின் அதே கருத்தை இருபது ஆண்டுகளாகத் தம்முள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். கடிதம் கண்டு திகைத்தார். நண்பர்கள் முயற்சியால் இருவர் எழுத்தும் 1858 ஜூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது. இயற்கைத் தேர்வு என்பது அன்று முதல் உலகறிந்த சொல்லாயிற்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். ‘வல்லது வாழும்’ என்று இக்கொள்கையைத் தமிழில் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இது பெரும் தீங்கு விளைத்த மொழிபெயர்ப்பாகும். இயற்கை வலிமையைத் தேர்வதில்லை; பொருத்தத்தையே தேர்கிறது. அப்பொருத்தமும் இடத்துக்கிடம் மாறுவது. ஓரிடத்தில் காக்கும் இயல்பே வேறோரிடத்தில் கொல்லும். இதற்குத் தெளிவான சான்று, கொள்கை பிறந்தபோது வாலசை வாட்டிய அந்நோயிலிருந்தே வந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் விந்தை.

நோயும் குருதியும்

டார்வினுக்கும் வாலசுக்கும் பெரிய குறை ஒன்று இருந்தது. பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு எவ்வாறு செல்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பாலும் நீரும் கலப்பதுபோல் இயல்புகள் கலந்துவிடுமானால், எந்த நல்ல மாற்றமும் சில தலைமுறைகளில் நீர்த்துப்போகுமே என்று எதிர்ப்பாளர் கேட்டபோது டார்வின் தடுமாறினார். மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு 1866-இலேயே விடையை வெளியிட்டிருந்தும் 1900 வரை அதனைக் கண்டுகொள்வார் இல்லை. இயல்புகள் கலப்பதில்லை, மணிகள் போலத் தனித்தனியே கைமாறுகின்றன. அம்மணிகளையே இன்று மரபணு என்கிறோம்.

மலேரியாவின் புதிரும் இதற்கிடையில் அவிழ்ந்தது. 1880-இல் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். கொசு கடிக்கும்போது உடலுள் நுழைந்து, ஈரலில் தங்கிப் பெருகி, பின் குருதியின் செவ்வணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருவதே இவ்வொட்டுண்ணியின் வாழ்க்கை. செவ்வணு அதற்கு வீடும் உணவும் ஆகும். ஆகவே செவ்வணுவில் நேரும் சிறு மாற்றமும் அதற்குப் பெரிய இடையூறு ஆகலாம்.

இதை முதலில் உணர்ந்து சொன்னவர் ஹால்டேன். நடுநிலக் கடல் நாடுகளில் தலசீமியா என்னும் பரம்பரைச் சோகை மிகுதியாக உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற குழந்தை அக்காலத்தில் பெரும்பாலும் இளமையிலேயே மாண்டுவிடும். அப்படியானால் அம்மரபணு என்றோ அழிந்திருக்க வேண்டுமே, ஏன் அழியவில்லை? ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்களுக்கு மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் இருக்கலாம். அதனால்தான் அது நிலைத்திருக்கிறது என்று 1949-இல் வெளியான தம் கட்டுரையில் அவர் கருதினார். கையில் சான்று இல்லை. கணக்கும் ஊகமுமே இருந்தன. அந்த ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்த அவரைக் கல்கத்தா நன்கு அறியும்.

சான்றுகளுள் ஒன்று தமிழ்நாட்டு மலைகளிலேயே இருந்தது. 1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவர், நீலகிரியில் வாழும் இருளர் முதலான பழங்குடியினரின் குருதியில் அரிவாளணு இயல்பு உண்டென்று ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். உயிர்வளி குறையும்போது வட்டமான செவ்வணு அரிவாள் போல் வளைந்துவிடுவதே இவ்வியல்பு. அதுவரை இது பெரும்பாலும் ஆப்பிரிக்க மக்களுக்கே உரியது என்று எண்ணப்பட்டிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்த ஆப்பிரிக்கரையும் நீலகிரி இருளரையும் இணைத்தது எது? இரு நிலங்களும் மலேரியா தங்கிய நிலங்கள். வயநாடும் நீலகிரிச் சரிவுகளும் காய்ச்சலுக்குப் பெயர்போனவை. அதே மலையில்தான் 1860கள் முதல் அரசாங்கம் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டு, நடுவட்டத்தில் கொயினா எடுத்தது. மனிதர் கண்ட மருந்தும் இயற்கை கண்ட மருந்தும் ஒரே மலையில் இருந்தன எனலாம்.

1954-இல், கென்யாவில் வளர்ந்த ஆலிசன் என்னும் மருத்துவர் ஐயத்தைப் போக்கினார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும், அதாவது மலேரியா மிக்க இடங்களில், இவ்வியல்பு உடையோர் மிகுதி. குளிர்ந்த மேட்டு நிலத்தில் குறைவு. இயல்பு உடைய குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணியும் குறைவாகவே இருந்தது. ஈமோகுளோபின் என்னும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே இதன் காரணம் என்று 1950களின் நடுவில் இங்கிராம் கண்டறிந்தார். நூற்றுக்கணக்கான கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் வேறு.

இதன் குடும்பக் கணக்கை எளிதில் போட்டுப் பார்க்கலாம். தாயும் தந்தையும் ஆளுக்கொரு மாறிய மரபணுவை உடையவர்கள் என்று கொள்வோம். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இரண்டும் இயல்பானவையாகப் பெறும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒன்று இயல்பாகவும் மற்றது மாறியதாகவும் பெறும் வாய்ப்பு நாலில் இரண்டு. இரண்டும் மாறியவையாகப் பெறும் வாய்ப்பு நாலில் ஒன்று. மலேரியா நாட்டில் முதல் வகைக் குழந்தை காய்ச்சலுக்கு இரையாகக் கூடும். கடைசி வகைக் குழந்தை சோகைக்கு இரையாகும். நடுவில் உள்ளவர்களே தப்புகின்றனர். ஆனால் அந்நடுவர்களின் திருமணத்திலிருந்து மீண்டும் அதே நான்கு பங்குகள் பிறக்கின்றன. தலைமுறைதோறும் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் இரு பங்கு காக்கப்படுகிறது. மலேரியா நீங்கிய ஊரில் அக்காப்பினால் பயனில்லை. சோகை மட்டும் எஞ்சுகிறது. இந்திய அரசு 2023-இல் அரிவாளணுச் சோகையை ஒழிக்கத் தனித் திட்டம் தொடங்க நேர்ந்தது இதனால்தான்.

மலேசியாவும் இத்தகைய சான்றுகள் நிறைந்த நாடு. ஒராங் அஸ்லி மக்களிடத்திலும் மலாய் மக்கள் சிலரிடத்திலும் செவ்வணு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதுண்டு. கோலாலம்பூரில் பணிபுரிந்த லீ-இஞ்சோ லுவான் எங் என்னும் பெண் ஆய்வாளர் 1960களில் இதனையும், ஈமோகுளோபின் ஈ என்னும் மற்றொரு மாற்றத்தையும் ஒராங் அஸ்லியரிடம் ஆய்ந்தார். நீள்வட்ட அணுவின் உறைப் புரதத்தில் ஒன்பது அமினோ அமிலங்கள் விடுபட்டிருப்பது பின்னர்த் தெரிந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதனைப் பெறும் கரு பிறப்பதே அரிது; ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரோ மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலிருந்து தப்புகிறார். ஆப்பிரிக்காவில் அரிவாளணு, இங்கே நீள்வட்ட அணு. கையில் அகப்பட்ட மாற்றம் எதுவோ அதைக் கொண்டே இயற்கை வேலை செய்கிறது. திட்டமிட்டுச் செய்யும் பொறியாளனைப் போல அன்று. உடைந்த பானையின் ஓட்டை எடுத்து ஒழுகும் இடத்தை அடைக்கும் இல்லத்தரசியைப் போல.

தோட்டங்களில் நடந்தது

இனி, கடல் கடந்து வந்த தமிழ் மக்களுக்கு நேர்ந்ததைக் காண்போம். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலான சமவெளி மாவட்டங்களிலிருந்தே பெரும்பாலோர் வந்தனர். இருளரிடம் இருந்த அரிவாளணு இயல்பு சமவெளித் தமிழரிடம் அரிது. மலேரியா நிறைந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மீண்டும் மீண்டும் நோயுற்றுத் தப்பியதால் ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகும். அதுவும் புதிதாக வந்த பலருக்கு இல்லை. பிறப்பால் வரும் காப்பும் இன்றி, பழக்கத்தால் வரும் காப்பும் இன்றி, காட்டை அழித்து ரப்பர் நடும் வேலையில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். ‘தமிழர் வெப்பநாட்டவர்; இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு இயல்பாகவே ஏற்றவர்’ என்னும் பேச்சு அக்காலத்தில் துரைமார் நடுவே உலவியது. இறப்புக் கணக்கு அப்பேச்சைப் பொய்யாக்கியது. மலாய் ஐக்கிய நாடுகளின் தோட்டங்களில் 1911-இல் இந்தியத் தொழிலாளருள் ஆயிரவருக்கு அறுபதின்மருக்கு மேல் மாண்டனர். சில புதுத் தோட்டங்களில் நிலைமை இதனினும் பன்மடங்கு கொடியது. காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாய் நிறுத்திக் கொயினா கொடுத்தும் லயங்களில் அழுகை ஓயவில்லை.

‘காலப்போக்கில் பழகிவிடுவர்’ என்பது அக்காலத்து ஆறுதல் மொழி. இன்றும் அதனை நம்புவோர் உளர். இதில் இரண்டு பிழைகள் உண்டு. ஒருவர் நோயுற்றுப் பெற்ற எதிர்ப்பாற்றல் அவருடன் மறைவது. பிள்ளையின் மரபணுவில் ஏறாது. தாயின் குருதி வழியே குழந்தைக்குச் சில மாதக் காப்பு வருவதுண்டு. அதற்கு மேல் இல்லை. மரபணுவில் ஏறும் காப்போ பழகுவதால் வருவதன்று. அஃது இல்லாதவர் குழந்தைகளாகவே மாள்வதால், உள்ளவர் தொகையில் மிகுவது. அதற்கு எவ்வளவு காலம் ஆகும்? நூற்றில் ஒருவரிடம் ஒரு காக்கும் மரபணு இருக்கிறது என்றும், அவர்க்குப் பிறரைக் காட்டிலும் பத்து விழுக்காடு மிகுதியாகப் பிள்ளைகள் தப்பிப் பிழைக்கின்றனர் என்றும் கொள்வோம். நூற்றில் ஒருவர் என்பது நூற்றில் பதின்மர் ஆவதற்கு ஏறத்தாழ 25 தலைமுறை வேண்டும். அஃதாவது 600 ஆண்டுக்கு மேல். அப்போதும் நூற்றில் தொண்ணூறு பேர் காப்பின்றியே இருப்பர்.

தோட்டத்து மக்களை உண்மையில் காத்தது வடிகால். 1901-இன் தொடக்கத்தில் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், ராஸ் கண்ட உண்மையை நம்பி, நகரைச் சூழ்ந்த சதுப்பைத் தூர்த்து நீரை வடித்தார். கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901-இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902-இல் 59 பேர். பிறகு தோட்டங்களுக்குச் சென்றார். அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. சமநிலத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் தணிந்தது. மலைநிலத் தோட்டங்களிலோ காட்டை வெட்டியபின் காய்ச்சல் பெருகியது. சமநிலத்தில் நோயைப் பரப்பிய கொசு அனோபிலிஸ் அம்புரோசஸ். காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலைநிலத்துக் கொசு அனோபிலிஸ் மாகுலாட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. ஒரே பேரினத்தில் கிளைத்த இரண்டு இனங்கள், ஒன்று நிழலுக்கும் ஒன்று வெயிலுக்கும் பொருந்தியிருந்தன. சரவாக்கில் இருந்து வாலஸ் எழுதிய நெருங்கிய இனங்கள் பற்றிய செய்தியை, வாட்சன் இறப்புப் பதிவேட்டில் படிக்க நேர்ந்தது. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் விட்டும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் மலைத் தோட்டங்களை அவர் மீட்டார். 600 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஒட்டுண்ணியின் கடிகாரம்

இயற்கைத் தேர்வு மனிதருக்கு மட்டும் உரியதன்று. ஒட்டுண்ணியும் அதற்கு உட்பட்டதே. ஆனால் அதன் கடிகாரம் வேறு. கொடிய வகை மலேரியா ஒட்டுண்ணி மனிதக் குருதியில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. ஓராண்டில் 180-க்கு மேற்பட்ட தலைமுறைகள். மனிதருக்கு அது 4,500 ஆண்டுக்குச் சமம். ஒரு நோயாளியின் உடலிலேயே கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகள் உண்டு. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் மருந்தை வெல்லும் மாற்றம் தற்செயலாக நேர்ந்துவிட்டால், மருந்து மற்றவற்றையெல்லாம் அழித்து அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்துவிடுகிறது.

குளோரோகுயின் மருந்துக்கு இதுவே நேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகெங்கும் வழங்கப்பட்டது. 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடிய எல்லையில் அம்மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் மலாயாவிலும் காணப்பட்டது. 1970களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவை அடைந்து, அங்கே எண்ணற்ற குழந்தைகளைக் கொன்றது. ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் 76ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பதே இதற்குத் திறவுகோல் என்று பின்னர்க் கண்டனர். மனிதக் குருதியில் ஓர் அமினோ அமில மாற்றம் மலேரியாவைத் தடுத்தது. ஒட்டுண்ணியில் நேர்ந்த ஒரு மாற்றம் மருந்தின் தடையை உடைத்தது.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவி 1993-இல் குளோரோகுயினை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. பத்தாண்டு அளவில் அங்கே மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி மறைந்து, அடங்கும் ஒட்டுண்ணியே நிறைந்தது. மருந்து இருந்தவரை பயன் தந்த மாற்றம், மருந்து நீங்கியதும் சுமையாகிவிட்டது. மலேரியா நீங்கிய ஊரில் அரிவாளணு சுமையாவது போன்றதே இது.

மலேசியாவில் 1967-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆயினும் குரங்கின் மலேரியா ஒன்று காடு ஓரத்து மக்களை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பற்றுகிறது. கல்கத்தாவில் 1930களின் தொடக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குரங்கின் ஒட்டுண்ணியை நோல்ஸ், தாஸ் குப்தா ஆகியோர் ஆய்ந்தனர். நோல்சின் பெயரால் அது நோலசி எனப்படுகிறது. 1965-இல் பகாங் காட்டில் பணிபுரிந்து திரும்பிய அமெரிக்கர் ஒருவரிடம் அது முதன்முதல் இயற்கையாகத் தொற்றியது கண்டறியப்பட்டது. 2004-இல் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும், வாலஸ் தம் 1855ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய அதே சரவாக்கில், காப்பிட் வட்டார நோயாளிகள் பலரிடம் இருந்தது இதுவே என்று மெய்ப்பித்தனர். காட்டில் நெட்டைவால் குரங்கும் பன்றிவால் குரங்கும் அதற்கு இல்லம். தோட்டமும் சாலையும் காட்டுக்குள் நீளநீள, குரங்கும் கொசுவும் மனிதரும் நெருங்குகின்றனர். இவ்வொட்டுண்ணி 48 மணி நேரம் காத்திருப்பதில்லை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது.